ஆரல்வாய்மொழிக் காற்றும் அம்பாசிடர் காரும்

ஜூலை மாதம் ஊருக்குப் போகிற குடும்பங்களின் லிஸ்ட் இந்த வருஷமும் நீளம்தான். இங்கே நியூசிலாந்தில் பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால லீவு, வளைகுடாவில் இருப்பவர்களுக்குக் கோடை லீவு. நம்மில் தெற்கத்திக்காரர்கள் நிறையப் பேர் திருவனந்தபுரத்தில் இறங்குவார்கள். ஏர்போர்ட் வாசலில் ஒரு வாடகை இன்னோவா. மேலே கேரியரில் நாலு பெட்டி, பின்னால் நாலு பெட்டி. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு என்று போய்த் திருநெல்வேலியில் மதியச் சாப்பாடு.

அந்த வழியில் ஒரு காற்று இருக்கிறது. அந்தக் காற்றையும், பக்கவாட்டில் அடிக்கிற காற்றைக் கண்டு மனிதர்கள் எப்போது பயப்படக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் பற்றித்தான் இன்றைய பதிவு. நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவன். இன்ஜினியர் நண்பர்கள் இதில் வரும் கணக்கைப் பார்த்துச் சிரிக்கலாம், தப்பில்லை :-) ஆனால் பாறசாலைப் பக்கத்துக்காரன் என்ற முறையில் இந்தச் சாலையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

முதலில் சாலை. நாங்கள் வளர்ந்த காலத்தில் அதற்குப் பெயர் என்.எச். 47. 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் நம்பர் மாற்றினார்கள், இப்போது 66. நெய்யாற்றின்கரை தாண்டினால் அமரவிளைப் பாலம், உதியன்குளங்கரை, பாறசாலை, அப்புறம் எல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை மாகாணத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால்தான் பாறசாலையில் எங்களைப் போல வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுகிற கூட்டம். அந்தக் கதையை எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. இன்னொரு நாள்.

இந்தப் பகுதியில் சாலையில் காற்றே தெரியாது. இரண்டு பக்கமும் தென்னை, பலா, ரப்பர், வாழை, வீட்டு மதில். மேடும் பள்ளமும் வளைவும் வேறு. ஆடி மாதம் மழை கொட்டும், தென்னை தலையை ஆட்டும், ஆனால் சாலைக்கு இறங்கும்போது காற்றுக்குச் சக்தி இருக்காது. மார்த்தாண்டம், தக்கலை வரைக்கும் இதே கதைதான். நாகர்கோவில் தாண்டி நாஞ்சில் நாட்டு வயல் வெளி வந்ததும்தான் வானம் திறக்கும். தோவாளையில் பூக்கடை தார்ப்பாய்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அதற்கப்புறம் ஆரல்வாய்மொழி. வெள்ளைக்காரன் பேச்சில் ஆரம்போலி. மேற்குத் தொடர்ச்சி மலை குமரி வரை சுவர் மாதிரி வந்து, முடிகிற இடத்துக்கு முன்னால் விட்ட இடைவெளி இது. வடக்கே 1,600 மீட்டருக்கு மேல் உயரமான மகேந்திரகிரி, தெற்கே சின்னக் குன்றுகள். கிழக்கிலிருந்து திருவிதாங்கூருக்குள் நுழைய இதுதான் வாசல். அதனால் இங்கே கோட்டைச் சுவர் கட்டி வைத்திருந்தார்கள். 1809 பெப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் கலகத்தை அடக்கக் கம்பெனிப் படை இந்தச் சுவரை ஏறிக் கடந்துதான் உள்ளே வந்தது. படை கிழக்கிலிருந்து வரும், காற்று மேற்கிலிருந்து வரும். இரண்டுக்கும் வாசல் ஒன்றே.

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வந்து மலையில் முட்டும். ஏற முடிந்தது ஏறி மழையாகக் கொட்டும். மிச்சம், இடைவெளி எங்கே என்று பார்த்து ஓடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுமே, அது மாதிரி கணவாயில் காற்று வேகம் எடுக்கும். இது நேற்று வந்த காற்றாலைக்காரன் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14-ஆம் தேதி சுட்டுக் கொன்ற மலைக்குப் பெயர் காற்றாடிமலை. (எங்கள் எல்லைக்கு அந்தப்புறம் நட்டாலத்துக்காரர். 2022 மே 15-ல் போப் புனிதர் பட்டம் கொடுத்தார்.) 1980-களின் கடைசியில் ஆரம்பித்து முப்பந்தலைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட்டுக்குக் காற்றாலைகள் நட்டுவிட்டார்கள். இன்றைக்கு எல்லோரும் காரை நிறுத்தி அவற்றோடு போட்டோ எடுக்கிறார்கள். இத்தனை இயந்திரங்கள் நட்டால் லாபம் வரும் என்று கணக்குப் போட்ட இடத்தில் நம் காரும் ஓடுகிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. கணவாய்க்குள் போகும்போது காரில் இருப்பவர்களுக்குக் காற்று அவ்வளவாகத் தெரியாது. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வரை சாலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. காற்றும் அதே திசை. முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்று, பெட்ரோல்கூட மிச்சம். காவல்கிணறு சந்திப்பில் இடது பக்கம் திரும்பி, பழைய என்.எச். 7, இன்றைய 44-ல் ஏறியதும் கதை மாறுகிறது. வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி என்று சாலை வடக்கே போகிறது. அதுவரை முதுகில் இருந்த அதே காற்று இப்போது இடது விலாவில். மலையோ மரமோ குறுக்கே இல்லை. பொட்டல் வெளி.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஓடின வாடகை அம்பாசிடர் ஒன்று உண்டு. அதை ஓட்டின அண்ணன் களியக்காவிளை செக்போஸ்ட்டில் பெர்மிட் காகிதத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வரும்போது பீடி பற்றவைப்பார், காவல்கிணறு திருப்பத்துக்கு முன்னால் அணைப்பார். "மக்களே, கண்ணாடிய ஏத்து. இனி காத்து இடத்தேருந்து அடிக்கும்" என்பார். அப்புறம் வள்ளியூர் வரும்வரை இரண்டு கையும் ஸ்டியரிங்கில். பேச்சுக் கிடையாது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடது பக்கமாகவே பிடித்துக்கொண்டு நேராகப் போவார். லாரியை ஓவர்டேக் பண்ணுவதற்கு முன்னால் கியரைக் குறைத்து நிதானிப்பார். அவர் எட்டாம் கிளாஸ் தாண்டாதவர். ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருந்த காரணத்தை ஜெர்மன்காரர்கள் ஆள் உயிரைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் கணக்கு. கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே போகிறது, மேற்கிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. காருக்குத் தெரிவது இந்த இரண்டும் சேர்ந்த ஒரே காற்று. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான். சுமார் 112 கிலோமீட்டர் வேகத்தில், நேர் முன்னாலிருந்து ஏறத்தாழ 27 டிகிரி இடது பக்கம் சாய்ந்து வருகிற காற்று. இன்னோவா மாதிரி உயரமான வண்டியில் அது பக்கவாட்டில் தள்ளுகிற தள்ளு நூறு கிலோ எடையைத் தாண்டிவிடும். ஒரு தடித்த ஆள் ஜன்னலில் சாய்ந்து தள்ளிக்கொண்டே வருவது போல.

காற்று மாறாமல் இருந்தாலும், கார் வேகம் கூடக்கூட இந்தத் தள்ளும் கூடும். நின்றுகொண்டிருக்கும் காரை அசைக்காத காற்று ஓடுகிற காரை அசைக்கும். அம்பாசிடர் 50-ல் போன இடத்தில் நாம் 100-ல் போனால், அதே ஆடிக்காற்றின் தள்ளு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. சுதாரிக்கிற நேரமோ பாதி.

தள்ளு மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். அது எங்கே விழுகிறது என்பதுதான் வம்பு. காரின் எடையெல்லாம் ஒரு புள்ளியில் கூடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அது எடை மையம். பக்கக் காற்றின் தள்ளெல்லாம் கூடுகிற புள்ளி இன்னொன்று, அது அழுத்த மையம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் கார் நேராக ஒதுங்கும், அவ்வளவுதான். பெரும்பாலான கார்களில் அழுத்த மையம் எடை மையத்துக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே காற்று மூக்கைப் பிடித்துத் திருப்பும். இடமிருந்து அடித்தால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். திரும்பிய கார் தன் வேகத்திலேயே வலப்பக்கம் ஓடும். பழைய இரட்டை வழிச் சாலையில் வலப்பக்கம் என்றால் எதிரே வருகிற லாரி.

சரி, ஜெர்மனிக்குப் போவோம்.

1930-கள் காரை மீன் மாதிரி வழவழப்பாகச் செய்யும் மோகம் பிடித்த காலம். காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பெட்ரோல் மிச்சம், வேகம் கூடுதல். பால் ஜாரே என்பவரின் யோசனைகளை வைத்து செக்கோஸ்லோவாக்கியாவில் டாட்ரா 77 வந்தது 1934-ல். உருண்டு ஒடுங்கின வால், இன்ஜின் பின்னால். முன்னாலிருந்து வருகிற காற்றுக்கு இது அற்புதம். பக்கத்திலிருந்து வருகிற காற்றுக்கு? வால் உருண்டையாக இருந்தால் பக்கக் காற்று அதை வழுக்கிக்கொண்டு போய்விடும், பிடிப்பு இருக்காது. தள்ளெல்லாம் மூக்கில் விழும். இன்ஜின் பின்னால் இருப்பதால் எடை மையமும் பின்னுக்குப் போய்விட்டது. ஒரு மையம் முன்னே ஓட, மற்றது பின்னே ஓட, நடுவில் இடைவெளி பெரிசாகிவிட்டது. நெம்புகோல் நீளமானால் என்ன ஆகும் என்று கடப்பாரை பிடித்தவர்களுக்குத் தெரியும். அடுத்து வந்த டாட்ரா 87-க்குப் பின்புறம் முதுகில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு நிற்கும், படத்தில் பார்த்திருப்பீர்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பின்பக்கத்துக்குக் கொஞ்சம் காற்றுப்பிடிப்பு கொடுப்பதற்கு வைத்தது.

இதையெல்லாம் உலகத்துக்கு உறைக்க வைத்த நாள் 1938 ஜனவரி 28. பிராங்க்பர்ட் - டார்ம்ஸ்டாட் ஆட்டோபானில் மெர்சிடஸும் ஆட்டோ யூனியனும் வேகச் சாதனைக்குப் போட்டி. காலையில் ருடால்ப் கராச்சியோலா மெர்சிடஸில் மணிக்கு 432 கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சாதனை வைத்தார். பொதுச்சாலையில்! ஆட்டோ யூனியனுக்கு பெர்ன்ட் ரோஸ்மேயர், வயது 28, ஜெர்மனியின் செல்லப்பிள்ளை. காற்று எழும்ப ஆரம்பித்துவிட்டது என்று கராச்சியோலாவே அவரை எச்சரித்ததாகச் சொல்வார்கள். ரோஸ்மேயர் போனார். சாலையின் பெரும்பகுதி மரங்களுக்கு நடுவே. மோர்ஃபெல்டன் பக்கத்தில் மரங்கள் விலகி வெட்டவெளி வருகிற இடத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு வீச்சு. கார் சாலையை விட்டுப் பறந்தது. ரோஸ்மேயர் அங்கேயே இறந்தார்.

காடு முடிந்து வெளி தொடங்கும் அந்த இடம்தான் எனக்கு எப்போதும் காவல்கிணறை நினைவுபடுத்துகிறது. நிதானமாக ஒரே அளவில் அடிக்கிற காற்றுக்கு ஓட்டுநர் பழகிவிடுவார். ஒளிந்திருந்து திடீரென்று அடிக்கிற காற்றுக்குப் பழக முடியாது.

இன்னொரு விஷயம். ரோஸ்மேயர் இறந்து மூன்று வாரம் கழித்து, அதே 1938 பெப்ரவரி 20-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசு பஸ் சர்வீஸைத் தொடங்கி வைத்தார். பின்னாளில் கே.எஸ்.ஆர்.டி.சி. ஆனது அதுதான். உயரமான பெட்டி வடிவப் பஸ்கள், மரத்தால் செய்த கூடு. ஒரு ஊரில் காரைக் காற்றுக்காக மீன் மாதிரி வழித்தெடுத்து அதே காற்றுக்கு ஆளைப் பறிகொடுத்தார்கள். நம் ஊரில் காற்றைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் பெட்டியைச் செய்து நிதானமாக ஓட்டினார்கள். நிதானம் ஜெயித்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சாலையில் வேறு வழியும் இல்லை.

இந்த விஷயத்தில் ரயில்காரர்கள் கார்க்காரர்களுக்கு அண்ணன். நான் இப்போது இருக்கும் வெலிங்டன் பேர் போன காற்று ஊர். வடதீவுக்கும் தென்தீவுக்கும் நடுவே குக் நீரிணை, இரண்டு பக்கமும் மலை. கடலில் ஓர் ஆரல்வாய்மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். (மனைவியிடம் இதைச் சொன்னால், "எங்க போனாலும் உங்க ஊருதான்" என்கிறாள்.) ஊருக்கு வடகிழக்கே ரிமுடாக்கா மலை. 1880 செப்டம்பர் 11-ஆம் தேதி அந்த மலை ரயில் பாதையில், சைபீரியா என்று பெயர் வைத்த வளைவில், காற்று ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிச் சரிவில் தொங்கவிட்டது. இறந்தவர்கள் குழந்தைகள். மலை ஏறுவதற்காக நடுவில் போட்டிருந்த மூன்றாவது தண்டவாளத்தை இன்ஜின் இறுகப் பிடித்திருந்ததால் அது விழவில்லை, இல்லாவிட்டால் எல்லாமே பள்ளத்தில். அதற்கப்புறம் அந்தப் பாதையில் காற்றைத் தடுக்க உயரமான வேலி கட்டினார்கள். 1955-ல் சுரங்கப்பாதை வந்ததும் அந்த வழியை மூடிவிட்டார்கள், இப்போது நடந்தும் சைக்கிளிலும் போகலாம். பக்கத்து மலைச்சாலையில் காற்று பலமான நாளில் உயரமான வண்டிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இன்றைக்கும் எச்சரிக்கை கொடுக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்குச் சமமானது பாம்பன். 1914-ல் திறந்த ரயில் பாலம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைப் புயல் விழுங்கியது. நூறு பேருக்கு மேல் பலி. அது காற்று மட்டும் செய்த வேலை அல்ல, எழும்பி வந்த கடலின் வேலையும்தான். பாலமும் உடைந்தது. இ. ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்து பேர் வாங்கினது அப்போதுதான். அந்தப் பழைய பாலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது: காற்றின் வேகத்தை அளக்கிற கருவி. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு. டிரைவரின் தைரியத்துக்கோ ஸ்டேஷன் மாஸ்டரின் யூகத்துக்கோ அங்கே வேலை இல்லை. எங்கள் பேங்கில் கடன் வரம்பு தாண்டினால் சிஸ்டமே பாஸ் பண்ணாது, அது மாதிரி. பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது.

கார் என்று வரும்போது அந்தச் சிவப்பு சிக்னல் ஓட்டுகிறவர் தலைக்குள்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

அம்பாசிடருக்குத் திரும்புவோம். 1957-ல் மோரிஸ் ஆக்ஸ்போர்டை வைத்து ஆரம்பித்து 2014 வரை வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்தார்கள். கார் ரசிகர்கள் அதைக் கிண்டல் பண்ணாத கிண்டல் இல்லை. ஆனால் பக்கக் காற்றுக்கு அது ஒன்றும் மோசமான வண்டி அல்ல. ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் எடை, கனமான இன்ஜின் முன்னால், அதனால் எடை மையம் முன்பக்கம். வால் பக்கம் டிக்கி, பின்கண்ணாடி என்று காற்று பிடிக்க இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, வேகம் போகாது!

1984-ல் மாருதி வேன் வந்தது, பிறகு ஆம்னி என்று பெயர் மாறியது. குடும்பம் மொத்தமும் ஏறலாம் என்று எங்கள் பக்கத்தில் சக்கைப்போடு போட்டது. 800 கிலோவுக்குள் எடை, ஒன்றரை மீட்டருக்கும் குறைவான அகலம், அதைவிடக் கூடுதல் உயரம், சுவர் மாதிரி நேரான பக்கங்கள். காற்று படுகிற பரப்பு நிறைய, எதிர்த்து நிற்கிற எடை குறைவு. நாங்குநேரி வெளியில் அதில் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். காலியாகப் போனால் ஆடும், ஆள் ஏற்றினால் கொஞ்சம் அடங்கும். 2019-ல் அதுவும் நின்றது.

இப்போது இன்னோவா காலம். ஒன்றரை டன்னுக்கு மேல் எடை, நல்ல டயர், நல்ல ஸ்டியரிங். தானாக எந்தக் காற்றிலும் பறந்துபோகாது. ஆனால் நம் குடும்பங்கள் அதில் செய்கிற இரண்டு வேலை உண்டு.

ஒன்று கேரியர். மேலே நாலு பெட்டி கட்டினால் காற்று படுகிற சுவரின் உயரம் அரை மீட்டர் வரை கூடுகிறது, அதுவும் மிக மோசமான இடத்தில், உச்சியில். வண்டி சாய்வதற்கான நெம்புகோலும் நீளமாகிறது. இரண்டு, பின்பக்கம் அடைக்கிற சுமை. ஏர்லைன்ஸ் ஒரு ஆளுக்கு 30 கிலோ கொடுத்தால் நாம் 30.4 கொண்டு போகிற ஆட்கள். நாலு பேர் குடும்பத்தின் 120 கிலோவை மூன்றாவது சீட்டை மடித்துப் பின் சக்கரத்துக்கு மேலேயும் பின்னாலேயும் வைக்கிறோம். எடை மையம் பின்னுக்குப் போகிறது. டாட்ராவில் இன்ஜின் பின்னால் இருந்து செய்த அதே காரியத்தை, சிறிய அளவில், நம் பெட்டிகள் செய்கின்றன. வண்டி இருபுறமும் ஆடுகிறது என்று டிரைவரைக் குறை சொல்வோம். மாமியாருக்கு வாங்கின மிக்ஸி ஆட்டுகிறது என்று யாருக்குத் தெரியும்! கனமான பெட்டியை நடுச்சீட்டின் காலடியிலும், இலேசானதைப் பின்னாலும் வைத்து, கேரியரில் எதுவும் இல்லாமல் போனால் நல்லது. முடியாவிட்டால் இரண்டு வண்டி. பின் டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கத்துக் கதவை ஒட்டின ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், சுமைக்குத் தனியாக.

இடம் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஒரு லேன் மூன்றரை மீட்டர். இன்னோவாவின் அகலம் சுமார் 1.83 மீட்டர். நடுவில் போனால் இரண்டு பக்கமும் மிச்சம் 80 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 100-ல் போகிற வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் போகிறது. வீச்சு வந்ததை உணர்ந்து கை திருப்புவதற்குள் ஒரு நொடி போய்விடும். மூக்கு இரண்டே டிகிரி திரும்பியிருந்தால் அந்த ஒரு நொடியில் வண்டி பக்கவாட்டில் நகர்வது ஒரு மீட்டர். 80 சென்டிமீட்டர் பட்ஜெட்டில் ஒரு மீட்டர் செலவு. ஓவர்டிராஃப்ட்!

அந்த அண்ணன் லாரியை ஓவர்டேக் பண்ணும்போது நிதானித்தாரே, அதன் காரணம் இது. வடக்கே போகும்போது காற்று இடமிருந்து வருகிறது. லாரியும் நமக்கு இடப்பக்கம். லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று நின்றுவிடும். நாம் அதுவரை ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்திருக்கிறோம், ஆகவே வண்டி லாரியை நோக்கி இழுக்கும். பதறிப்போய் வலப்பக்கம் திருப்புவோம். அதே நேரம் லாரியின் முகப்பைத் தாண்டி வெளியே வருவோம், நின்ற காற்று முழு வேகத்தில் இடமிருந்து அறையும். திருப்பினதும் வலம், காற்று தள்ளுவதும் வலம். இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் சென்டர் மீடியன். திருநெல்வேலியிலிருந்து திரும்பி வரும்போது காற்று வலப்பக்கம், லாரி நமக்குக் காற்றை மறைக்காது. ஆகவே போகும்போதுதான் வம்பு. இரண்டு லாரி, கன்டெய்னர், ஆம்னி பஸ் என்று வரிசையாக இருந்தால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு குட்டிக் கணவாய்.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. ராட்சத மின்விசிறிகளை வரிசையாக வைத்துக் காரை அவற்றின் குறுக்கே ஓட்டி, எவ்வளவு விலகுகிறது என்று அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 12021 என்று 1996-ல் ஒரு தரமுறையே வந்தது. இன்ஜினை முன்னால் வைத்து முன்சக்கரத்தை ஓட்டுகிற கார்கள் பரவினதால் எடை மையமும் முன்னுக்கு வந்தது. 1995-ல் மெர்சிடஸில் வந்த இ.எஸ்.பி., ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் போட்டு வண்டியை நேர்படுத்துகிற ஏற்பாடு. அதையே வைத்துப் பக்கக் காற்றுக்கென்று 2013-ல் ஸ்ப்ரின்டர் வேனில் தனி வசதி கொடுத்தார்கள். காற்று மூக்கைத் திருப்பும்போது, காற்று வருகிற பக்கத்துச் சக்கரங்களில் இலேசாகப் பிரேக் விழும், மூக்கு திரும்ப நேராகும். அந்த அண்ணன் மணிக்கட்டால் செய்ததைக் கம்ப்யூட்டர் செய்கிறது, கொஞ்சம் சீக்கிரமாக. ஏர்போர்ட்டில் நீங்கள் பிடிக்கிற வாடகை வண்டியில் பக்கக் காற்றுக்கென்று அப்படித் தனி வசதி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கடைசியாக மரங்கள். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்டதாகச் சொல்லும் குமரிச் சாலை, இரண்டு பக்கமும் நிழல் மரத்தோடு இருந்த சாலை. நாங்கள் சின்ன வயதில் போன என்.எச். 7-லும் புளியமரங்கள் உண்டு. வெயிலுக்கு வைத்தவை, காற்றுக்கும் வேலியாக நின்றன. ஆனால் ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையில் காற்று குத்திக் குத்தி அடிக்கும். நாற்கரச் சாலைக்காக மரங்கள் போயின. இப்போது காற்று குத்துவதில்லை, அழுத்தமாக ஒரே சீராக அடிக்கிறது. அது ஒருவிதத்தில் ஓட்டுவதற்கு எளிது. ஆனால் சாலை அகலமாகி வேகம் இரட்டிப்பானதால் அந்த லாபம் கழிந்துவிட்டது. பாலங்களின் மேல் ஏறும்போது காற்றுக்குத் தடையே இல்லை, அங்கே இன்னும் பலமாக அடிக்கும். ஆடி மாதம் மத்தியானம் தாண்டிப் போகிறீர்கள் என்றால், தரை சூடேறிய அந்த நேரத்துக் காற்றுதான் கணவாய்ப் பக்கத்தில் பெரும்பாலும் பலமானது. விடியற்காலை விமானத்தில் இறங்குகிறவர்கள் ஏர்போர்ட்டில் சொந்தக்காரர்களோடு பேசி நேரத்தைப் போக்காமல் கிளம்பிவிடுவது நல்லது. திருவனந்தபுரத்திலிருந்து காரோடு வரை புறவழிச்சாலையும் வந்துவிட்டதால், முன்பு போல நெய்யாற்றின்கரை டவுனில் நின்று நின்று போக வேண்டியதில்லை. பத்து மணிக்குள் காவல்கிணறு திரும்பிவிடலாம்.